எவர்சில்வர் தகட்டில் கோடு விழுவது ஏன்? தப்பு நடப்பது ஓரிடம், நஷ்டம் விழுவது வேறிடம்!

கொல்லிமலையின் அடிவாரத்தில், துறையூரைத் தாண்டி இருக்கிறது புளியஞ்சோலை. லீவு நாட்களில் குடும்பத்தோடு வருகிறவர்கள், மலையிலிருந்து இறங்கிவரும் ஐயாற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டு, பாறை மேல் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறப்பது அங்கே வழக்கமான காட்சி. அந்த எவர்சில்வர் கேரியரை வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால், சிலவற்றில் முடி மாதிரி மெல்லிய கோடு ஒன்று ஓடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கடையில் கேட்டால், "அது ஷீட்டுலயே அப்படித்தான் வந்துச்சு" என்று பதில் வரும்.

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஷீட்டில் அது எப்போது விழுந்தது? இரும்பை உருக்கும்போதா, உருளைகளுக்கு நடுவே தட்டையாக்கும்போதா, குடோனில் கிடக்கும்போதா? கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்குப் பதில் தெரியாததால் பணத்தை இழப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் அந்தக் கோட்டுக்குக் காரணமே இல்லாதவர்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

இரண்டு அரசாணைகள் காரணம்.

முதலாவது, பாத்திரங்கள் பற்றியது. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2024 மார்ச் 14-ல் வெளியிட்டது. எவர்சில்வர் பாத்திரங்களுக்கான தரநிலையின் எண் ஐ.எஸ். 14756:2022. எந்த உலோகத்தில் செய்ய வேண்டும், வடிவம், அளவு எப்படி இருக்க வேண்டும் என்பதோடு, கறை பிடிக்கிறதா, வெப்ப அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்ற சோதனைகளும் இதில் உண்டு.

இரண்டாவது, தகடு பற்றியது. மத்திய எஃகு அமைச்சகம் 2025 ஜூன் 13-ல் ஓர் ஆணை பிறப்பித்தது. இறுதியாக விற்கப்படும் எஃகுப் பொருள் மட்டுமல்ல, அது எந்த மூலப்பொருளில் இருந்து செய்யப்பட்டதோ அதுவும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைக்கு உட்பட வேண்டும் என்றது அந்த ஆணை. இந்திய ஆலைகளுக்கு ஏற்கெனவே இருக்கும் கட்டுப்பாடு இறக்குமதிக்கும் பொருந்த வேண்டும் என்பது அமைச்சகத்தின் வாதம். தகடு கிடைப்பது கஷ்டமாகும், விலை ஏறும் என்பது சிறு தொழில்களின் கவலை. பின்னர் சிலவற்றுக்குக் கால அவகாசமும் விலக்கும் தரப்பட்டன.

இரண்டு ஆணைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: தரம் எங்கே கெடுகிறது? அதைப் புரிந்துகொள்ள, ஒரு தகடு எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

உலையிலிருந்து தகடு வரை

எவர்சில்வர் என்பது குரோமியம் கலந்த எஃகு. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அதற்கு 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர். நல்ல பாத்திரங்களில் வரும் 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும்.

இரும்புக் கழிவையும் குரோமியம், நிக்கல் கலவைகளையும் மின்வில் உலையில் உருக்குவார்கள். அடுத்து இன்னொரு கலனில் ஆக்சிஜனும் ஆர்கானும் செலுத்திச் சுத்திகரிப்பார்கள். பிறகு அச்சில் ஊற்றி 'ஸ்லாப்' எனப்படும் தடித்த பாளமாக வார்ப்பார்கள். அந்தப் பாளத்தைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டுவிட்டு எடுத்து, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சுருளாக்குவார்கள். இது சூடான உருட்டல். அதன் பிறகு அமிலத்தில் கழுவி, சூடாக்காமலேயே மறுபடி உருட்டி மெல்லிய, பளபளப்பான தகடாக்குவார்கள். இது குளிர் உருட்டல். கடைசியில் மென்மைப்படுத்தி, வெட்டி, பேக் செய்து லாரியில் ஏற்றுவார்கள்.

இத்தனை இடங்களில் எங்கு வேண்டுமானாலும் குறை பிறக்கலாம். ஆனால் அது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசி இடத்தில்தான். அதனால்தான் பழி எப்போதும் கடைசியாகத் தொட்டவர் மேல் விழுகிறது.

சேலத்தில் பின்னாலிருந்து வளர்ந்த ஆலை

இதற்குக் கொல்லிமலைக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

இந்த வட்டாரத்து மலைகளில் காந்த இரும்புத் தாது படுகைகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டு நிலவியல் ஆய்வுகள் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தன. கொல்லிமலையும் தலமலையும் சேர்ந்து ஒரு தொகுதி. சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சமலை இன்னொரு தொகுதி. அந்தக் கஞ்சமலை அடிவாரத்தில்தான் சேலம் உருக்காலை எழுந்தது. 1970-ல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பொதுத்துறையின் 'செயில்' நிறுவனத்தைச் சேர்ந்த இந்த ஆலை, கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக வளரவில்லை. எவர்சில்வர் தகட்டு ஆலையாக வளர்ந்தது. வளர்ந்த விதம்தான் கவனிக்க வேண்டியது.

1981-ல் முதலில் வந்தது குளிர் உருட்டும் பிரிவு. அதாவது கடைசிக் கட்டம். சூடாக உருட்டிய சுருளை வெளியிலிருந்து வாங்கி, மெல்லிசாக்கி, பளபளப்பாக்கி விற்றார்கள். 1995-ல் சூடாக உருட்டும் பிரிவு வந்தது. உருக்கும் உலையும் வார்ப்புப் பிரிவும் வந்தது 2010-ல். முதல் கட்டம் வந்து சேர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின.

இப்படிக் கடைசிக் கட்டத்தை மட்டும் வைத்திருக்கும் எந்த ஆலைக்கும் ஒரு சிக்கல் உண்டு. வாங்கிய சுருளுக்குள்ளேயே குறை இருந்தால், தன்னுடைய உருளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மற்றவர் செய்த தவறை இவர் மெல்லிசாக்கிப் பெரிதாக்கிக் காட்டுகிறார், அவ்வளவுதான். உலை, வார்ப்பு, உருட்டல் மூன்றும் ஒரே வளாகத்துக்குள் இருந்தால், குறையைப் பின்னோக்கித் தேடிப் போக முடியும்.

அப்படித் தேடிப் போனால் என்னவெல்லாம் கிடைக்கும்?

முதல் இடம்: உலையும் வார்ப்பும்

உருகிய எஃகில் ஆக்சிஜனை அகற்ற அலுமினியம், சிலிக்கான் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அவை ஆக்சிஜனோடு சேர்ந்து நுண்ணிய துகள்களாகும். பெரும்பாலானவை மேலே மிதந்து கசடோடு போய்விடும். மிச்சமிருப்பவை பாளத்துக்குள் மாட்டிக்கொள்ளும். எஃகு அச்சில் இறங்கும்போது உராயாமல் இருக்க மேலே ஒரு பொடி தூவுவார்கள். அச்சில் எஃகின் மட்டம் ஏறி இறங்கினால் அந்தப் பொடியும் உள்ளே இழுக்கப்படும்.

பாளத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாளம் 1 மில்லிமீட்டர் தகடாகிறது. அகலம் மாறவில்லை என்றால் நீளம் 200 மடங்காகும். பாளத்தின் தோலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் கிடந்த தூசு, தகட்டில் 20 சென்டிமீட்டர் கோடாக இழுபடும். டிபன் கேரியரில் தெரிந்த 'முடி' இப்படியும் வந்திருக்கலாம். சில சமயம் அந்த இடத்தில் தோல் உரிந்த மாதிரி செதில் கிளம்பும். ஆலைகளில் இதை 'ஸ்லிவர்' என்பார்கள்.

உலையிலேயே நடக்கும் இன்னொரு தப்பு, கந்தகம். எஃகில் கந்தகம் அதிகமானால், சூடாக உருட்டும்போது தகட்டின் ஓரங்கள் வெடிக்கும். இதற்கு மருந்து மாங்கனீசு. அது கந்தகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். முன்னாள் மதராஸ் மாகாண அதிகாரி. சேலத்துத் தாதுவை வைத்துப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியவரும் இவர்தான்.

இரண்டாவது இடம்: சூடேற்றும் உலை

பாளத்தை 1,200 டிகிரியில் வைத்திருக்கும்போது அதன் மேல் ஆக்சைடு அடுக்கு ஒன்று படியும். தொழிலில் 'ஸ்கேல்' என்பார்கள். உருளைக்குப் போவதற்கு முன் மிக அதிக அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சி இதை உடைத்துவிடுவார்கள். ஏதாவது ஒரு முனையில் தண்ணீர் அடைத்துக்கொண்டால், அந்த இடத்தில் ஸ்கேல் அப்படியே நிற்கும். உருளை அதை எஃகுக்குள் அழுத்திவிடும். பிறகு அமிலத்தில் ஸ்கேல் கரைந்தாலும் பள்ளம் மிஞ்சும்.

சிலிக்கான் அதிகமுள்ள எஃகில் தொல்லை இன்னும் கூடுதல். சிலிக்கான் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து சுமார் 1,170 டிகிரியில் உருகி, எஃகின் மேல் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அடித்தாலும் முழுசாகப் போகாது. தகட்டில் சிவப்புத் திட்டுகளாகத் தெரியும்.

வருங்காலத்தில் பெரிதாகக் கூடிய சிக்கல் ஒன்றும் இங்கே இருக்கிறது: செம்பு. கார்பன் உமிழ்வைக் குறைக்க உலகம் முழுவதும் தாதுவை விட்டு பழைய இரும்பை உருக்கும் பக்கம் ஆலைகள் நகர்கின்றன. இந்தியாவும் 2019-ல் இரும்புக் கழிவு மறுசுழற்சிக் கொள்கையை வெளியிட்டது. பழைய காரை நசுக்கி உலையில் போட்டால், அதிலிருக்கும் மோட்டார், வயர் வழியாகச் செம்பும் கூடவே வரும். உருக்கிய எஃகிலிருந்து செம்பைப் பிரித்தெடுக்க லாபகரமான வழி இல்லை. சாதாரண எஃகைச் சூடேற்றும்போது இரும்பு ஆக்சைடாகிப் போகும், செம்பு ஆகாது. அது மேற்பரப்பில் சேர்ந்து, 1,085 டிகிரியில் உருகி, எஃகின் மணிகளுக்கு இடையே புகுந்துவிடும். உருட்டும்போது மேலெல்லாம் சின்னச் சின்ன வெடிப்புகள் வரும். நிக்கல் இருந்தால் பாதிப்பு குறையும், வெள்ளீயம் இருந்தால் கூடும். பசுமை எஃகு பற்றிய பேச்சில் பழைய இரும்பைத் தரம் பிரிப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதனால்தான்.

மூன்றாவது இடம்: உருளைகள்

சப்பாத்திக் கட்டையில் ஒரு வெட்டு இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் மாவில் ஒரு அச்சு விழும். தகட்டிலும் அதேதான். உருளையில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலோ, சின்னப் பள்ளம் விழுந்திருந்தாலோ, தகட்டில் அதே அடையாளம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எளிதான குறை இதுதான். ஒரு டேப் போதும். எவர்சில்வர் உருட்டும்போதே இறுகிக்கொண்டு போகும் என்பதால், அதற்கு மெல்லிய உருளை தேவை. போலந்துப் பொறியாளர் ததேயுஸ் செஞ்சிமிர் பெயரால் வழங்கும் 20 உருளை மில்லில், தகட்டைத் தொடும் இரண்டு உருளைகள் மட்டும் ஒல்லியாக இருக்கும், மற்றவை அவற்றுக்கு முட்டுக்கொடுக்கும். தொடும் உருளையின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 19 சென்டிமீட்டர். தகட்டில் 19 சென்டிமீட்டருக்கு ஒரு முறை அச்சு விழுந்திருந்தால், கடைசி முறை உருட்டியபோது விழுந்தது. 38 சென்டிமீட்டர் இருந்தால், அதற்குப் பிறகு தகடு பாதித் தடிமனாக உருட்டப்பட்டிருக்கிறது, அதாவது அடையாளம் அதற்கு முந்தைய சுற்றில் விழுந்தது. இடைவெளியை அளந்தே எந்த உருளை, எந்தச் சுற்று என்று சொல்லிவிடலாம்.

குறுக்கே நெருக்கமாகப் பட்டை பட்டையாக விழுந்தால் அது வேறு. மில்லே அதிர்கிறது என்று அர்த்தம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் தகடு, நொடிக்கு 150 முறை அதிரும் மில்லில் போனால், சுமார் 3.3 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை விழும். தடவிப் பார்த்தால் தெரியாது. பாலிஷ் போட்டதும் தெரிந்துவிடும்.

நான்காவது இடம்: அமிலத் தொட்டி, குடோன், லாரி

அமிலக் குளியல் போதவில்லை என்றால் கருப்புத் திட்டு நிற்கும். அதிகமானால் மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகும். சுருளை இறுக்கமாகச் சுற்றாவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்ந்து கீறல் விழும். பளபளப்பான தகட்டுக்கு நடுவே காகிதம் வைத்துச் சுற்றுவது இதற்காகத்தான்.

ஆலையை விட்டு வெளியே வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. மலையடிவார ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்திருக்கும் சுருளை ஈரமான, வெதுவெதுப்பான குடோனுக்குள் கொண்டுவந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி வியர்க்கும். அடுக்குகளுக்கு நடுவே புகுந்த தண்ணீர் காற்றோட்டம் இல்லாமல் தங்கிவிடும். துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டில் வெள்ளை மாவு மாதிரி படிவது இப்படித்தான். 'வெள்ளைத் துரு' என்பார்கள். வீடு கட்டுபவர்கள் "டூப்ளிகேட் ஷீட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். பல நேரம் ஷீட் அசல்தான், அடுக்கி வைத்த விதம்தான் தப்பு.

எவர்சில்வரில் வரும் சிவப்புப் புள்ளிக்கும் இதே கதைதான். பக்கத்தில் சாதாரண இரும்பைக் கிரைண்டரில் அறுத்தால், பறக்கும் தீப்பொறி தகட்டில் ஒட்டி, அந்த இரும்புதான் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் தேங்கினாலும் புள்ளி விழும். இதற்கும் உருட்டிய ஆலைக்கும் சம்பந்தம் கிடையாது.

ஐந்தாவது இடம்: பிரஸ்ஸில் போட்ட பிறகு

சில குறைகள் தகட்டில் தெரியவே தெரியாது. அழுத்தி வடிவமாக்கும்போதுதான் முகம் காட்டும்.

மணிகள் பெரிதாக வளர்ந்துவிட்ட தகட்டை இழுத்தால், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வரும். ஆலையில் மென்மைப்படுத்தும்போது சூடு அதிகமானதன் விளைவு இது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில், உருட்டிய திசையிலேயே வரி வரியாக மேடு பள்ளம் எழும். வார்ப்பின்போது மணிகள் அடுக்கப்பட்ட விதம் அதற்குக் காரணம். சாதாரண எஃகுத் தகட்டில் சுடர் போன்ற பட்டைகள் தோன்றும். லேசாக ஒரு கடைசி உருட்டல் கொடுத்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

இந்த மூன்றும் பட்டறையில்தான் கண்ணில் படும். "உங்க பிரஸ்ஸு சரியில்ல" என்று சப்ளையர் சொல்வதும், "உங்க ஷீட்டு சரியில்ல" என்று பட்டறைக்காரர் சொல்வதும் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

கேமராவும் ஏஐயும் கண்டுபிடிக்காதா?

கண்டுபிடிக்கும், ஓரளவுக்கு. பெரிய ஆலைகளில் ஓடும் தகட்டைக் கேமராக்கள் படம்பிடித்து, குறையை நொடியில் வகைப்படுத்துகின்றன. டேட்டா சயின்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சீனாவின் வடகிழக்குப் பல்கலைக்கழகம் வெளியிட்ட படத்தொகுப்பில் சூடாக உருட்டிய தகட்டின் 6 வகைக் குறைகள், வகைக்கு 300 படங்கள், மொத்தம் 1,800 படங்கள் உள்ளன. ரஷ்யாவின் செவர்ஸ்டால் எஃகு நிறுவனம் 2019-ல் காகிள் தளத்தில் இதற்கென்றே போட்டி நடத்தியது.

ஆனால் கேமரா 'என்ன குறை' என்று சொல்லுமே தவிர, 'ஏன் வந்தது' என்று தானாகச் சொல்லாது. அதற்கு அந்தச் சுருள் எந்த உலையில், எந்த நாளில், எந்த உருளையில் போனது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவைத் தொடர்ந்து பிடித்துப் போகத் தேவையான நூல்தான் உருக்கு எண், சுருள் எண்.

நூல் எங்கே அறுகிறது?

ஆலையிலிருந்து முழுச் சுருளாக வாங்கும் கார் கம்பெனிக்கு அந்த எண்கள் கையில் இருக்கும். குறை வந்தால் ஆலையைக் கூப்பிட்டுக் கேட்கலாம், பணத்தையும் பிடித்துக்கொள்ளலாம்.

திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையம் போன்ற இடங்களில் பாத்திரம் செய்யும் சின்னப் பட்டறைகளின் நிலைமை வேறு. முழுச் சுருள் வாங்கும் வசதி எல்லோருக்கும் கிடையாது. வியாபாரி வெட்டிக் கொடுக்கும் தகட்டையோ வட்டத்தையோ எடைக்கு வாங்குவார்கள். வெட்டும்போதே எண்கள் போய்விடும். 'பிரைம்' என்று விற்கப்படுவதில் 'செகண்ட்ஸ்' கலந்திருந்தாலும் நிரூபிக்க வழியில்லை. வெட்டி, அழுத்தி, பாதி பாத்திரமான பிறகு கோடு தெரிந்தால், அதைத் திருப்பியும் கொடுக்க முடியாது.

அப்போது மிஞ்சும் ஒரே வழி, பாலிஷ். கோடு மறையும் வரை தேய்க்க வேண்டும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலாளிக்கு, 10 பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் 7 பாத்திரம்தான் முடிந்தால் அன்றைய வருமானம் அந்த அளவுக்குக் குறையும். பட்டறையில் பறக்கும் உலோகத் தூசும் அதிகமாகும். உலையில் யாரோ கவனிக்காமல் விட்ட ஒரு தூசுக்கான விலையை, பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் தன் கூலியிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் கொடுக்கிறார்.

அரசாணைகள் இதைத் தீர்க்குமா?

பாதி தீர்க்கும்.

பாத்திரத்துக்கு முத்திரை கட்டாயம் என்பது, வாங்குபவருக்கு நல்லது. ஆனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் பிடிக்கிறது. சோதனையில் பாத்திரம் தோற்றால் பொறுப்பு பட்டறைக்காரருக்கு. அவருக்குத் தகடு கொடுத்தவரையோ, தகட்டை உருட்டியவரையோ அந்த முத்திரை தேடிப் போகாது.

2025 ஜூன் ஆணை அந்த வகையில் சரியான திசையில் யோசிக்கிறது. குறை மேலே பிறக்கிறது என்றால் தரமும் மேலிருந்தே கேட்கப்பட வேண்டும். ஆனால் தரநிலைச் சான்று முக்கியமாகப் பார்ப்பது வேதிச் சேர்க்கை, வலிமை, அளவு ஆகியவற்றை. மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிவு செய்யும் விஷயம். சுருளாக விற்கும்போது நடுவில் உள்ள குறையை ஆலையால் வெட்டியெடுக்க முடியாது என்பதால், தகட்டைவிடச் சுருளில் குறைகள் கூடுதலாக இருக்கலாம் என்று அமெரிக்கத் தரநிலைகளே சொல்கின்றன. எனவே, சான்று பெற்ற தகட்டிலும் கோடு இருக்கலாம். அது சட்டமீறலும் ஆகாது.

வெறும் காகிதத்தை நம்பினாலும் போதாது. 2017 அக்டோபரில் ஜப்பானின் கோபே ஸ்டீல் நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பொருட்களின் தரத் தரவுகளில் முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டது. 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அந்தப் பொருட்கள் போயிருந்தன.

மீதிப் பாதியைத் தீர்க்கப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. வெட்டிய தகட்டின் பில்லிலும் சுருள் எண் இருக்க வேண்டும் என்பது நடைமுறையானால், வியாபாரியின் குடோனில் அறுந்துபோகும் நூல் அறாமல் இருக்கும். பட்டறைகள் சேர்ந்து முழுச் சுருளாக வாங்கினால், கேள்வி கேட்கும் பலமும் சேர்ந்தே வரும்.

அதுவரை என்ன செய்யலாம்?

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு:

• பில்லில் ரகம் மட்டுமல்ல, மேற்பரப்பு வகையையும் எழுதி வாங்குங்கள். '2பி' என்றால் குளிர் உருட்டி, அமிலத்தில் கழுவி, லேசாக மெருகேற்றியது. 'பிஏ' என்றால் கண்ணாடிபோல் பளபளப்பது. 'பிரைம்' என்ற சொல்லும் பில்லில் இருக்கட்டும்.

• ஆலையின் சோதனைச் சான்று நகலையும் சுருள் எண்ணையும் கேளுங்கள். தர மறுத்தால், அந்தச் சரக்கு செகண்ட்ஸாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

• வெட்டுவதற்கு முன் முதல் தகட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நீளவாக்கில் ஒற்றைக் கோடு என்றால் வார்ப்பையும் கீறலையும் சந்தேகியுங்கள். நகத்தில் தட்டுப்பட்டு, உள்ளே பளிச்சென்று இருந்தால் கீறலாக இருக்க வாய்ப்பு அதிகம். சம இடைவெளி என்றால் உருளை. இடைவெளியை அளந்து போட்டோ எடுத்து வையுங்கள்.

• குறையுள்ள ஒரு தகட்டை வெட்டாமல் வைத்திருங்கள். வெட்டிய பிறகு ஆதாரம் இல்லை.

பாத்திரம் வாங்குபவர்களுக்கு:

• ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதனுடன் இருக்கும் உரிம எண்ணையும் பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

• காந்தம் ஒட்டினால் போலி என்று நினைக்க வேண்டாம். 430 ரகம் காந்தத்தில் ஒட்டும், ஆனாலும் அது எவர்சில்வர்தான். நிக்கல் குறைந்த 200 வரிசை ரகங்கள் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே ஒட்டாதது எல்லாம் 304-ம் அல்ல.

• கைக்குத் தட்டுப்படாத மெல்லிய கோடு அழகுக் குறைதான், உணவுக்கு ஆபத்தில்லை. செதில் உரிந்தாலோ, வெடிப்போ குழியோ தெரிந்தாலோ மாற்றிக்கொள்ளுங்கள். அங்கேதான் உப்பும் புளியும் தங்கி அரிக்கும்.

புளியஞ்சோலையில் திறந்த அந்த டிபன் கேரியரில் தெரிந்த கோட்டுக்கு, உலை முதல் லாரி வரை எத்தனையோ பேர் காரணமாக இருக்கலாம். யார் என்று சொல்லக்கூடிய எண் ஒன்று ஒரு காலத்தில் அந்தத் தகட்டோடு இருந்தது. தகட்டை வெட்டியபோது அதுவும் போய்விட்டது. அந்த எண் பில்லில் தொடர்ந்து வரும்வரை, கோட்டுக்கான கணக்கைப் பாலிஷ் பட்டறையில் இருப்பவரே தீர்த்துக்கொண்டிருப்பார்.